ரொந்தா பள்ளத்தாக்கின் உள்ளாட்சித் தேர்தல்கள்: சங்கக் கிளையிலிருந்து வாக்குப்பெட்டி வரை

தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பகுதிகளில் நடந்த உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைப் பட்டியலாகப் பார்க்கும்போது ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தொழிற்கட்சியின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது என்றும், பல இடங்களில் ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற குறிப்பு இருக்கிறது என்றும், அப்படியானால் அங்கே உண்மையான போட்டி இருந்ததா, சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு என்ன நடந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போட்டி இருந்தது, பல காலகட்டங்களில் மிகக் கடுமையாகவே இருந்தது. ஆனால் அது வாக்குச்சாவடிக்கு வருவதற்கு முன்பே, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டம் யாருடைய கையில் இருந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும். முடிவுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் விளங்காது.

எல்லாப் பள்ளத்தாக்குகளையும் ஒரே மூச்சில் பேசுவதைவிட ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது என்பதால் ரொந்தாவை முதன்மையாக வைத்துச் சொல்கிறேன்; தேவைப்படும் இடத்தில் மட்டும் அண்டைப் பகுதிகளுக்குப் போய்வருகிறேன். ஆங்கிலச் செய்திகளைப் பார்த்து ‘ரோண்டா’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் வேல்ஸ் மொழியில் அந்தப் பெயரின் நடுவிலுள்ள ஒலி நம்முடைய மெல்லிய தகரத்துக்கு நெருக்கமானது. ஆகவே ‘ரொந்தா’ என்றே எழுதுகிறேன்.

பெரிய ரொந்தா, சின்ன ரொந்தா என்ற இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகள் சேர்ந்ததுதான் இந்த வட்டாரம். 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பகுதி அடங்கிய அஸ்ட்ரடவோடூக் என்ற திருச்சபைப் பங்கில் 951 பேர்தான் வாழ்ந்தார்கள். ஆடு மேய்க்கும் மலைச்சரிவாக அது இருந்தது. 1911-இல் அதே பள்ளத்தாக்குகளில் 1,52,781 பேர் இருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்தப் பெருக்கத்துக்கு ஒரே காரணம் நீராவிக் கப்பல்களுக்கு உகந்த தரமான நிலக்கரி. வீடுகள் சரிவுகளில் வரிசை வரிசையாக எழுந்தன. சாக்கடை நேராக ஆற்றில் விழுந்தது. குடிநீரும் தெருவிளக்கும் மருத்துவமும் பள்ளியும் பின்தங்கி வந்தன. உள்ளாட்சி என்ற ஒன்று அங்கே உருவானதே இந்தச் சாக்கடைச் சிக்கலால்தான். 1877-இல் அமைந்த முதல் அமைப்பு சுகாதாரத்துக்கான உள்ளூர் வாரியமே.

அந்த வாரியத்தின் தேர்தல் முறையைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த தொழிலாளர்களின் கோபத்துக்கு அதில் விடை இருக்கிறது. அக்காலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி வாக்கு சொத்தின் மதிப்புக்கேற்பப் பெருகியது. ஆண்டு மதிப்பு 50 பவுண்டுக்குக் குறைந்த சொத்துக்கு ஒரு வாக்கு. மதிப்பு ஏற ஏற வாக்கும் ஏறி, 250 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு ஆறு வாக்குகள். ஒருவரே ஒரு சொத்தின் உரிமையாளராகவும் அதில் குடியிருந்து வரி கட்டுபவராகவும் இருந்தால் இரு தகுதிகளிலும் வாக்களிக்கலாம். அதாவது பன்னிரண்டு வாக்குகள் வரை அவர் கையில் இருந்தன. வாரியத்தில் உறுப்பினராவதற்கும் சொத்துத் தகுதி தேவைப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரகசிய வாக்களிப்பு வந்துவிட்ட பிறகும், உள்ளூர் வாரியத் தேர்தலில் வாக்குத் தாள்களை வீடு வீடாகக் கொடுத்துப் பின்னர் வந்து வாங்கிக்கொண்டு போகும் முறையே நீடித்தது. சுரங்க நிறுவனத்தில் வேலை செய்பவரின் வீட்டுக் கதவருகே நின்று அந்தத் தாளை வாங்கும்போது, அவர் யாருக்குக் குறியிட்டார் என்பது எவ்வளவு மறைவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய முறை நிறுவன மேலாளர்களுக்கும், நில உரிமையாளர்களின் முகவர்களுக்கும், வசதியுள்ள வணிகர்களுக்கும், மருத்துவர்களுக்கும் சாதகமாக இருந்தது. சாக்கடைக்குச் செலவழிக்க வேண்டிய வரியில் மிகப் பெரிய பங்கைச் செலுத்த வேண்டிய சுரங்க நிறுவனத்தின் ஆள்களே, அந்த வரி எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்திலும் அமர முடிந்தது.

1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதை அடியோடு மாற்றியது. பல வாக்கு முறை போயிற்று. ஒருவருக்கு ஒரு வாக்கு, அதுவும் இரகசியமாக என்றாயிற்று. உறுப்பினருக்கான சொத்துத் தகுதியும் நீக்கப்பட்டது. தகுதியுள்ள பெண்கள், மணமானவர்கள் உட்பட, வாக்களிக்கவும் மாவட்ட மன்றங்களுக்குப் போட்டியிடவும் உரிமை பெற்றார்கள். பழைய வாரியம் நகர்ப்புற மாவட்ட மன்றமாக மாறியது; நாடெங்கும் இத்தகைய மன்றங்களுக்கான முதல் தேர்தல்கள் 1894 டிசம்பரில் நடந்தன. 1897-இல் மன்றத்தின் பெயர் ‘ரொந்தா நகர்ப்புற மாவட்ட மன்றம்’ என்றாயிற்று. அதன் அலுவலகம் பெரிய ரொந்தாவில் பென்ட்ரே என்ற ஊரில் இருந்தது.

சட்டம் மாறிவிட்டது என்பதால் சுரங்கத் தொழிலாளி உடனே மன்றத்தில் போய் உட்கார்ந்துவிடவில்லை. உறுப்பினர் பதவிக்கு ஊதியம் கிடையாது. கூட்டத்துக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் கூலி போய்விடும். நிறுவனத்துக்குப் பிடிக்காத முறையில் பேசினால் வேலையும் போகலாம். இந்த இடத்தில்தான் சுரங்கப் பகுதிக்கே உரிய ஒருவர் வரலாற்றுக்குள் வருகிறார்: எடை சரிபார்ப்பவர். நிலக்கரியை வெட்டுபவருக்கு எடைக்கேற்பக் கூலி என்பதால், மேலே வரும் வண்டிகளின் எடையை நிறுவனம் குறைத்துக் காட்டாமல் இருக்கத் தொழிலாளர்கள் தங்கள் சார்பில் ஒருவரை நிறுத்திக்கொள்ள 1860-ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்திருந்தது. அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவருக்குக் கூலி கொடுப்பவர்களும் தொழிலாளர்களே. சுரங்க வாயிலில் நின்று வேலை செய்தாலும் நிறுவனத்தால் நினைத்தபடி நீக்க முடியாத மனிதர் அவர் ஒருவர்தான். எழுத்தும் கணக்கும் அறிந்தவர். எல்லோருக்கும் முகம் தெரிந்தவர். ஏற்கெனவே ஒரு தேர்தலில் வென்று வந்தவர். ரொந்தாவிலும் அண்டைப் பள்ளத்தாக்குகளிலும் தொழிலாளர் சார்பில் உள்ளாட்சிக்கு வந்தவர்களில் இவர்களும் சங்க முகவர்களும் பெருமளவில் இருந்தது தற்செயல் அல்ல. பிற்காலத்தில் மன்றத் தேர்தலுக்கும் சங்கத் தேர்தலுக்கும் இடையில் கோடு மங்கிப்போனதற்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

அக்காலத்தில் ரொந்தாவின் அடையாளமாக விளங்கியவர் மாபோன் என்ற புனைபெயரால் அறியப்பட்ட வில்லியம் ஏபிரகாம். 1885-இல் சுரங்க உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த லிபரல் வேட்பாளரை எதிர்த்து நின்று நாடாளுமன்ற உறுப்பினரான இவர், 1920 வரை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் தலைவராக இருந்துகொண்டே லிபரல் கட்சியோடும் இணக்கமாகச் செயல்பட்டவர். கிறித்தவச் சபைக் கூடங்களில் பாட்டும் பேச்சும் கேட்டு வளர்ந்த தலைமுறையின் குரல் அவர். மன்றத் தேர்தல்களிலும் அப்போது இதே நிலைதான். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சாராத சபைகளின் பெரியவர்களும், கடைக்காரர்களும், ஓரிரு தொழிலாளர் பிரதிநிதிகளும் லிபரல் குடையின் கீழ் நின்றார்கள். வேட்பாளர் யார் என்பது சபைக் கூடத்தின் நடையிலும் வணிகர்களின் வட்டத்திலும் முடிவாயிற்று.

இதை உடைத்தது 1898-ஆம் ஆண்டின் கதவடைப்பு. ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்து, தொழிலாளர்களின் தோல்வியில் முடிந்த அந்தப் போராட்டத்திலிருந்து தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. மாபோன்தான் அதன் முதல் தலைவர் என்றாலும், சம்மேளனத்தின் உயிர் ஒவ்வொரு சுரங்கத்திலும் இருந்த அதன் கிளையில் இருந்தது. கூலித் தகராறு, விபத்து இழப்பீடு, மருத்துவருக்கான சந்தா, நூலகமும் கூட்ட அரங்கும் கொண்ட தொழிலாளர் மன்றம் எல்லாம் கிளையைச் சுற்றியே இயங்கின. கிளைக் கூட்டத்தில் கையுயர்த்தி வாக்களிப்பதும், பொறுப்பாளர்களை ஆண்டுதோறும் மாற்றுவதும் அங்கே அன்றாடப் பழக்கமாயின. பிரிட்டன் முழுவதற்குமான சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1909-இல் தொழிற்கட்சியில் இணைந்தபோது, ரொந்தாவில் அதற்கென்று புதிதாக ஒரு கட்சி அமைப்பைக் கட்ட வேண்டிய தேவையே எழவில்லை; கிளைகள் ஏற்கெனவே இருந்தன. ஒரு தேர்தல் வட்டாரத்துக்கு வேட்பாளர் வேண்டுமென்றால் கிளைகள் பெயர் சொல்லும். வட்டார அளவிலான தொழிலாளர் கூட்டம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

1910-11-இல் ரொந்தாவின் கேம்பிரியன் சுரங்க நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தம் மாபோன் காலத்து இணக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்து நின்ற அந்தப் போராட்டத்தில், 1910 நவம்பரில் டோனிபாண்டி நகரில் காவல்துறைக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் வெடித்தது; கடைகள் நொறுங்கின; வின்ஸ்டன் சர்ச்சில் உள்துறை அமைச்சராக இருந்த அரசு படைகளையும் அனுப்பியது. உள்ளாட்சி வரலாற்றில் அக்கறை உள்ளவர் இதில் பார்க்க வேண்டியது, காவல்துறை யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வியை. ரொந்தா மன்றத்துக்குக் காவல்துறைமீது எந்த அதிகாரமும் இல்லை. அது ரொந்தாவை உள்ளடக்கிய பெரிய நிர்வாகப் பகுதியான கிளமோர்கன் கவுண்டியின் காவல்துறை. அதை மேற்பார்த்த கூட்டுக்குழுவில் பாதிப்பேர் நீதிபதிகள், பாதிப்பேர் கவுண்டி மன்ற உறுப்பினர்கள். தலைமைக் காவல் அதிகாரியான லயனல் லிண்ட்சே 1891 முதல் 1937 வரை அந்தப் பொறுப்பில் நீடித்தார். எந்தத் தேர்தலும் அவரை அசைக்கவில்லை. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் உரிய மன்றத்தைப் பிடித்தால் மட்டும் போதாது, கவுண்டி மன்றத்தையும் பிடிக்க வேண்டும் என்று தொழிலாளர் இயக்கம் உணர்ந்ததற்கு இந்த அனுபவம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அது நடந்தது. 1919-ஆம் ஆண்டுத் தேர்தல்களில் கிளமோர்கன் கவுண்டி மன்றத்தில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றது. ரொந்தாவிலும் இதே காலத்தில் மன்றம் அதன் கைக்கு வந்து, அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி வாக்குரிமையையும் விரித்திருந்தது. வாக்குரிமை பெற்ற ஆண்களின் மனைவியரில் 30 வயதைக் கடந்தவர்களும் வாக்காளர் ஆனார்கள். நகர்ப்புற மாவட்ட மன்றத்தில் உறுப்பினரின் காலம் மூன்று ஆண்டுகள். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல். இதனால் ஒரே அலையில் மன்றம் கைமாறுவது கடினம். இந்த முறை ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குக் கேடயமாகவும் புதிதாக உள்ளே வருபவருக்குத் தடையாகவும் இருந்தது. எதிர்த்தரப்பு சுயேச்சைகளாகவும் வரி செலுத்துவோர் சங்கங்களின் பெயரிலும் நின்றது. சங்கக் கிளை ஒருமுறை வேட்பாளரை அறிவித்துவிட்டால் பல வட்டாரங்களில் எதிர்த்து நிற்பவருக்கு வழியே இல்லை. நீங்கள் பட்டியலில் பார்க்கும் ‘போட்டியின்றி’ என்ற சொல்லின் பின்னால் இருப்பது மக்களின் சோர்வு என்று கொள்ள வேண்டாம். அந்த இடத்துக்கான சண்டை சில வாரங்களுக்கு முன்பே, ஒரு கூட்ட அரங்கில், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் நடந்து முடிந்திருக்கலாம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மன்றத் தேர்தலைக் காட்டிலும் ஏழையர் நிவாரணத்துக்கான காப்பாளர் குழுக்களின் தேர்தல். இன்று அந்தக் குழுக்கள் இல்லாததால் பலர் அவற்றை மறந்துவிடுகிறார்கள். வேலையற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் உள்ளூர் வரிப் பணத்திலிருந்து உதவி வழங்கியவை அவை. அவற்றின் உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ரொந்தா பான்டிப்ரித் காப்பாளர் ஒன்றியத்துக்குள் இருந்தது. 1898 கதவடைப்பின்போது அண்டையிலுள்ள மெர்த்தர் டிட்வில் காப்பாளர்கள் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு உதவி கொடுத்ததை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1900-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, உடல் வலுவுள்ள வேலைநிறுத்தக்காரருக்கு உதவி கொடுக்கக் கூடாது, ஆனால் அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1926-இல், ஏழு மாதம் நீண்ட சுரங்கக் கதவடைப்பின்போது இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளத்தாக்குகள் பசியைத் தாங்கின. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க 1906-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விப் பொறுப்புள்ள மன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ரொந்தா மன்றம் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. தந்தைக்குக் கொடுக்கச் சட்டம் தடுத்ததை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பிள்ளையின் தட்டில் வைத்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் யார் வெல்கிறார் என்பது ஒரு வீட்டின் அடுப்போடு இவ்வளவு நேரடியாக இணைந்திருந்த காலம் வேறு இல்லை.

மைய அரசு இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நெவில் சேம்பர்லின் சுகாதார அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடனில் மூழ்கிய காப்பாளர் குழுவைக் கலைத்துவிட்டு அரசே ஆள்களை நியமிக்கலாம். 1927-இல் அண்டையிலுள்ள மன்மத்ஷயரின் பெட்வெல்ட்டி குழுவுக்கு இது நேர்ந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நீக்கப்பட்டு, நியமிக்கப்பட்ட ஆணையர்கள் வந்து உதவித்தொகையைக் கடுமையாக வெட்டினார்கள். இந்தக் கடனுக்குக் காரணம் வெறும் தாராளம் அல்ல. சுரங்கம் நின்றால் மன்றத்தின் வரி வருவாய் விழும். அதே வேளையில் உதவி கேட்டு வரும் வரிசை நீளும். போதாக்குறைக்கு 1929-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கூடங்கள் செலுத்தும் உள்ளூர் வரியில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தது. காப்பாளர் குழுக்களையே ஒழித்து அவற்றின் பணியைக் கவுண்டி மன்றங்களிடம் ஒப்படைத்தது. பின்னர் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையற்றோர் உதவியை உள்ளாட்சியிடமிருந்தே பறித்து லண்டனிலிருந்து இயங்கும் வாரியத்துக்குக் கொடுத்தது. 1935 தொடக்கத்தில் புதிய உதவித்தொகை அளவுகளும் குடும்ப வருவாய்ச் சோதனையும் நடைமுறைக்கு வந்தபோது தெற்கு வேல்ஸ் முழுவதும் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்; ரொந்தாவிலிருந்து மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் வந்ததாகச் சொல்வார்கள். பிப்ரவரி முதல் வாரத்திலேயே அரசு பின்வாங்கி அந்த அளவுகளை நிறுத்திவைத்தது. உள்ளூரில் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரிடம் கேட்க முடிந்ததை வாரியத்திடம் கேட்க முடியாததால்தான் வாக்குச்சாவடிக்குப் பதில் தெருவுக்கு வந்தார்கள்.

இனி, கட்சிக்குள்ளும் கட்சிக்கு இடப்பக்கத்திலும் நடந்த போட்டி. தொழிற்கட்சிக்கு ரொந்தாவில் பெரும் சவாலாக வந்தவர்கள் பழைமைவாதிகள் அல்லர், கம்யூனிஸ்டுகள். சின்ன ரொந்தாவின் உச்சியில் உள்ள மார்டி என்ற ஊருக்கு ‘குட்டி மாஸ்கோ’ என்ற பெயரே ஏற்பட்டது. அங்கே எடை சரிபார்ப்பவராக இருந்த ஆர்தர் ஹார்னர், 1933-இல் ரொந்தா கிழக்கு இடைத்தேர்தலில் 11,228 வாக்குகள் பெற்றார். வென்ற தொழிற்கட்சியின் மெயின்வாரிங்குக்கு 14,127. அதே தொகுதியில் 1945-இல் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஹாரி பாலிட் 972 வாக்குகளில்தான் தோற்றார். தொழிற்கட்சிக்குப் பேரலையாக அமைந்த தேர்தலிலேயே இந்த நிலை! மன்றங்களிலும் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். கிளிடாக் வேலைச் சேர்ந்த லூயிஸ் ஜோன்ஸ் 1936-இல் கிளமோர்கன் கவுண்டி மன்றத்துக்கே தேர்வானார். சங்கத்தில் சேராதவர்களோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்து எடை சரிபார்ப்பவர் பதவியைத் துறந்தவர் அவர். இவர்களும் தொழிற்கட்சியினரும் ஒரே கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே சுரங்கத்தில் இறங்கினார்கள் என்பதால் அந்தப் போட்டி குடும்பச் சண்டையின் கசப்போடு நடந்தது. 1930-இல் மார்டி கிளையையே சம்மேளனம் விலக்கிவைக்கும் அளவுக்கு அது போயிற்று. இந்த மரபின் கடைசிப் பெரிய பெயர் ஆனி பவல். ஆசிரியராகப் பணியாற்றிய இவர் பெனிகிரெய்க் வட்டாரத்தில் 1955-இல் கம்யூனிஸ்ட் உறுப்பினராக வென்று, 1979-இல் ரொந்தாவின் மேயரானார். வேல்ஸில் அப்பதவிக்கு வந்த முதல் கம்யூனிஸ்ட் அவர்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1894-இலேயே மாவட்ட மன்றத்துக்குப் போட்டியிடும் உரிமை இருந்தும், மன்றங்களில் பெண்கள் மிகச் சிலரே. காரணம் மறுபடியும் அதே இடத்தில் இருக்கிறது: வேட்பாளரைச் சொல்வது சங்கக் கிளை, சுரங்கத்தில் இறங்காத பெண் கிளையின் உறுப்பினர் அல்லர். வாக்குரிமை கிடைத்த பிறகும் தேர்வுக் கூட்டத்தின் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. டான் பென்ட்ரேயில் வாழ்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ் 1919-இல் வேல்ஸ் பகுதிக்கான தொழிற்கட்சியின் பெண் அமைப்பாளராகி, பெண்கள் பிரிவுகளை ஊர் ஊராக நிறுவினார். சுரங்க வாயிலில் குளியல் வசதி வேண்டும், கரி படிந்த கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நாள் முழுவதும் வெந்நீர் சுமந்து பெண்கள் உடல் நொந்துபோகிறார்கள் என்று அரசு ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். அண்டைப் பள்ளத்தாக்கான அபெர்டேரைச் சேர்ந்த ரோஸ் டேவிஸ் 1925-இல் கிளமோர்கன் கவுண்டி மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அதன் தலைவர் நாற்காலிக்கு ஒரு பெண் வர 1949 வரை ஆயிற்று. அவரேதான் அந்தப் பெண்ணும்.

நீண்ட காலம் ஒரே கட்சி ஆண்டதன் இருண்ட பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. சுரங்கத்துக்கு அடுத்தபடியாக வேலை தரக்கூடிய இடம் மன்றம்தான். ஆசிரியர் வேலை என்பது பிள்ளையைச் சுரங்கத்துக்கு அனுப்பாமல் காப்பாற்றும் வழி. ஆகவே பணி நியமனத்துக்கு முன் உறுப்பினர்களின் வீடு தேடிப் போய் ஆதரவு கேட்கும் வழக்கம் பள்ளத்தாக்குகளெங்கும் பேசப்பட்ட குறையாக இருந்தது. எதிர்க்கட்சியே இல்லாத மன்றத்தில் இதைக் கேள்வி கேட்க ஆளில்லை. நல்ல நோக்கத்தோடு வந்த இயக்கமும் போட்டி அற்றுப்போன இடத்தில் தேங்கத்தான் செய்தது.

இதனிடையே மக்கள்தொகை தேய்ந்துகொண்டே வந்தது. 1921-இல் 1,62,717 ஆக இருந்தது 1951-இல் ஏறத்தாழ 1,11,000 ஆகக் குறைந்தது. இளைஞர்கள் இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1955-இல் ரொந்தா நகராட்சித் தகுதி பெற்று மேயரைக் கண்டது. 1974-இன் சீரமைப்பில் கிளமோர்கன் மூன்றாகப் பிரிந்து, ரொந்தா நடு கிளமோர்கனுக்குள் ஒரு மாவட்டமாயிற்று. உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர் பதவிகளும் அப்போது மறைந்தன.

வாக்காளர்கள் அசையத் தொடங்கியதற்கான முதல் அறிகுறி 1967 மார்ச்சில் வந்தது. ரொந்தா மேற்கு இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் விக் டேவிஸ், தொழிற்கட்சியின் முன்னிலையை 2,306 வாக்குகளுக்குக் குறைத்துவிட்டார். அதே காலத்தில் மெர்த்தரில் நடந்தவை இன்னும் தெளிவானவை. 1966 அக்டோபர் 21 அன்று அபெர்ஃபானில் சுரங்கக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். எஞ்சிய மேடுகளை அகற்றுவதற்குத் துயர்துடைப்பு நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது ஆறாத புண்ணாயிற்று. மெர்த்தர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான எஸ். ஓ. டேவிஸை வயதைக் காரணம் காட்டித் தொழிற்கட்சியின் தேர்வுக் கூட்டம் 1970-இல் ஒதுக்கியபோது, அவர் கட்சிக்கு எதிராக நின்று வென்றார். தேர்வுக் கூட்டத்தின் முடிவே இறுதி என்ற ஐம்பதாண்டு வழக்கத்தை வாக்காளர்கள் வெளிப்படையாக மறுத்தது அப்போதுதான். ஆறே ஆண்டுகளில், 1976-இல், மெர்த்தர் மன்றத்தையே பிளைட் கம்ரி கைப்பற்றியது. தொழிற்கட்சி 1979-இல் மீட்டுக்கொண்டது.

1984-85 வேலைநிறுத்தத்தில் மார்டி சுரங்கத்தில் ஒருவர்கூட வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போகவில்லை. 1990 டிசம்பரில் அது மூடப்பட்டதோடு ரொந்தாவில் ஆழ்சுரங்கங்களின் காலம் முடிந்தது, கிளைகளும் மறைந்தன. 1996-இல் ரொந்தா, கனன் பள்ளத்தாக்கு, டாஃப்-எலாய் மூன்றும் இணைந்து 75 உறுப்பினர்கள் கொண்ட ரொந்தா கனன் டாஃப் மன்றம் அமைந்தது. 1999 மே மாதத் தேர்தலில், வேல்ஸ் சட்டமன்றத்துக்கான முதல் தேர்தலோடு சேர்ந்து நடந்த வாக்கெடுப்பில், பிளைட் கம்ரி இந்த மன்றத்தையும் ரொந்தா சட்டமன்றத் தொகுதியையும் வென்றது. பாலின் ஜார்மன் மன்றத் தலைவரானார். 2004-இல் தொழிற்கட்சி திரும்பி வந்தது. 2012-இல் 75-க்கு 60, 2017-இல் 47, 2022-இல் 59 என்பவை அதன் இடங்கள்.

சுரங்கம் போன பிறகும் அதே கட்சி ஏன் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு இந்த எண்களே பாதி விடை. அவை இப்போது ஏறி இறங்குகின்றன. 1930-களின் எண்கள் அப்படி ஆடவில்லை. கிளையின் இடத்தில் இன்று இருப்பது கட்சியின் வட்டாரக் குழு, குடும்ப மரபு, தெருவில் குப்பை எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற பழக்கம். இவை பலம்தான், ஆனால் கட்டாயம் அல்ல. அண்டையிலுள்ள மெர்த்தரிலும் பிளைனாய் குவென்ட்டிலும் 2017-இல் சுயேச்சைகள் பெரும்பான்மை பெற்றார்கள். ஒரே நிலக்கரி வரலாறு கொண்ட இடங்களும் அந்தத் தேர்தலில் வெவ்வேறு வழியில் போயின. ரொந்தா கனன் டாஃப் மன்றம் நெடுங்காலம் கூடியது கிளிடாக் வேலில், 1965-இல் வெடிவிபத்தில் 31 பேரைப் பலிகொண்டு பின்னர் மூடப்பட்ட கேம்பிரியன் சுரங்கம் இருந்த இடத்தில். 2022 தேர்தலில் முதன்முறையாக 16, 17 வயதினரும் அந்த மன்றத்துக்கு வாக்களித்தார்கள். அவர்களில் யாரும் ரொந்தா பள்ளத்தாக்கில் ஓர் ஆழ்சுரங்கம் இயங்கக் கண்டவர்கள் அல்லர்.